விழும் கட்டைகளின் வரலாறு – 6: இருபத்தொன்பதாம் நிலை

நிண்டெண்டோ நிறுவனம் 1989 நவம்பரில் அமெரிக்காவில் தன் என்.இ.எஸ். கருவிக்காக வெளியிட்ட டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜில், கட்டைகள் விழும் வேகம் ஒரு சிறிய அட்டவணையாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கருவி விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு பிரேம். பூஜ்ஜியம் நிலையில் கட்டை ஒரு கட்டம் இறங்க 48 பிரேம்கள் ஆகின்றன. 5ஆம் நிலையில் 23, 9ஆம் நிலையில் 6, 13ஆம் நிலையில் 4, 16ஆம் நிலையில் 3. 19ஆம் நிலையிலிருந்து 28 வரை 2. 29ஆம் நிலையில் ஒரே ஒரு பிரேம். அட்டவணை அத்தோடு முடிகிறது. அதற்கு மேல் எத்தனை நிலைகள் வந்தாலும் வேகம் மாறுவதில்லை. அந்தக் கடைசி எண்ணை மனிதக் கைகள் எப்படிக் கடந்தன என்பதே இந்த விளையாட்டை ஆடியவர்களின் முப்பத்தைந்து ஆண்டு வரலாறு.

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னவ், எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் இதை 1980களின் நடுவில் எழுதியதும், பள்ளி மாணவராக இருந்த வதீம் கெராசிமவ் அதை ஐ.பி.எம். கணினிக்குக் கொண்டுவந்ததும், 1989 தொடக்கத்தில் மாஸ்கோவில் உரிமைக்காக நடந்த இழுபறியும் முந்தைய பகுதிகளில் வந்துவிட்டன. அந்த இழுபறியில் வீட்டுக் கருவிகளுக்கான உரிமை நிண்டெண்டோவுக்குப் போயிற்று. அதே ஆண்டில் வந்த கேம் பாய் பதிப்பு உலகெங்கும் சுமார் மூன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றது. ஆனாலும் போட்டி ஆட்டம் வேர் பிடித்தது கேம் பாயில் அல்ல, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் என்.இ.எஸ். பதிப்பில். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கென வெளியான பதிப்பின் வேக அட்டவணை வேறு. இங்கே சொல்லப்படுவதெல்லாம் அமெரிக்கப் பதிப்பைப் பற்றியது.

ஆடுகளம் அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 20 கட்டம். 1990களில் தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பிரிக் கேம்’ என்ற பெயரில் விற்ற கையடக்கக் கருவிகளின் திரையும் இதே அளவுதான். நான்கு சதுரங்களை ஒட்டிச் செய்யக்கூடிய வடிவங்கள் ஏழு: நீளக் கட்டை, சதுரம், நடுவில் முளைவிட்ட கட்டை, ‘ட’ எழுத்தைப் போன்றது, அதன் கண்ணாடிப் பிம்பம், படிக்கட்டாய் இடப்பக்கம் ஏறுவது, வலப்பக்கம் ஏறுவது. ஒரு கிடைவரிசை இடைவெளியின்றி நிரம்பினால் மறையும். அடுத்து வரப்போவது எது என்று ஒரே ஒரு கட்டையை மட்டும் திரை முன்கூட்டிக் காட்டும். பிற்காலப் பதிப்புகளில் உள்ள வசதிகள், அதாவது ஒரு கட்டையை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்வது, பட்டனை அழுத்தியதும் நேராகத் தரையில் இறக்குவது, சுவரை ஒட்டியும் திருப்ப முடிவது, இவற்றில் ஒன்றுகூட இதில் இல்லை.

புள்ளிக் கணக்கு ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கிறது. ஒரு வரிசையை அழித்தால் 40, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்கை ஒரே நேரத்தில் அழித்தால் 1,200. இந்த எண்ணை நிலையின் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஆக, 18ஆம் நிலையில் நான்கு வரிசைகளைத் தனித்தனியாக அழித்தால் 3,040 புள்ளிகள். அதே நான்கையும் ஒன்றாக அழித்தால் 22,800. ஏழரை மடங்கு வித்தியாசம். நான்கை ஒன்றாக அழிப்பதற்குத்தான் ‘டெட்ரிஸ்’ என்று பெயர். அதை நீளக் கட்டையால் மட்டுமே செய்ய முடியும். எனவே நல்ல ஆட்டக்காரர் ஒன்பது நெடுவரிசைகளைத் தட்டையாக நிரப்பிக்கொண்டு, ஓரத்தில் ஒன்றை மட்டும் காலியாக விட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காலி நெடுவரிசைக்குக் கிணறு என்று பெயர். பெரும்பாலோர் அதை வலது ஓரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நிமிர்த்திய நீளக் கட்டை வலது சுவரை அடைய நான்கு நகர்வு போதும். இடது சுவருக்கு ஐந்து தேவை. அந்த ஒரு நகர்வு வித்தியாசத்தின் எடை பின்னால் தெரியவரும்.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய கட்டையே மறுபடி விழுந்தால் நிரல் இன்னொரு முறை குலுக்கிப் பார்க்கிறது. அவ்வளவே. பிற்காலப் பதிப்புகளில் ஏழு கட்டைகளும் ஒரு சுற்றில் தலா ஒரு முறை வந்தே தீரும் என்ற ஏற்பாடு உண்டு. இதில் முப்பது, நாற்பது கட்டைகள் வந்துபோயும் நீளக் கட்டை தலைகாட்டாமல் போகலாம். ஆட்டக்காரர்கள் இதை வறட்சி என்கிறார்கள். வறட்சி நீளும்போது அடுக்கு உச்சியை நெருங்கும். அப்போது காத்திருப்பைக் கைவிட்டு, ஒன்றும் இரண்டுமாக வரிசைகளை அழித்து அடுக்கைக் குறைப்பதா, இன்னும் ஒரு கட்டை பார்ப்பதா என்ற முடிவை ஒரு விநாடிக்குள் எடுக்க வேண்டும். கை வேகத்தைப் பற்றியே பேசப்படும் இந்த ஆட்டத்தில், சிறந்தவரையும் அடுத்தவரையும் பிரித்தது பல நேரம் இந்த முடிவுதான்.

இனி கைக்கு வரலாம். திசைப் பட்டனை இடதாகவோ வலதாகவோ அழுத்திப் பிடித்தால் கட்டை உடனே ஒரு கட்டம் நகரும். பிறகு 16 பிரேம்கள் நிற்கும். அதன்பின் 6 பிரேம்களுக்கு ஒரு கட்டம் என ஓடும், அதாவது விநாடிக்கு 10 நகர்வு. இந்தத் தானியங்கி நகர்வை ஆட்டக்காரர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டாஸ்’ என்கிறார்கள். அந்த 16 பிரேம் தாமதத்தை ஒருமுறை கடந்துவிட்டால், அடுத்தடுத்த கட்டைகளுக்கும் அந்த வேகத்தைக் கட்டிக்காக்க முடியும். அதற்குப் பட்டனை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விடக்கூடாது என்பது ஒரு தனிக் கலை. 2010களின் பிற்பகுதிவரை தலைசிறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியிலேயே ஆடினார்கள்.

ஆட்டத்தை நேரடியாக 18ஆம் நிலையில் தொடங்கலாம். அங்கே கட்டை உச்சியிலிருந்து தரைக்கு வர ஒரு விநாடி ஆகும். 130 வரிசைகளை அழித்தால் 19ஆம் நிலை. அங்கே ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. அதன்பின் பத்துப் பத்து வரிசைக்கு ஒரு நிலை ஏறி, 230ஆவது வரிசையில் 29 வரும். அங்கே 20 கட்டங்களை 20 பிரேம்களில், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில், கட்டை கடந்துவிடும். 16 பிரேம் தாமதத்தை முன்பே கடந்திருந்தாலும், டாஸ் வழியில் ஐந்து கட்டம் நகர, முதல் நகர்வுக்குப் பின் 24 பிரேம்கள் வேண்டும். களம் காலியாகவே இருந்தாலும் நிமிர்த்திய நீளக் கட்டை இடது சுவரை எட்டாது. அடுக்கு உயர உயர நகரும் தூரம் இன்னும் சுருங்கும். நடுவில் கோபுரம் எழும். சில விநாடிகளில் ஆட்டம் முடியும். அதனால் 29ஆம் நிலைக்குக் ‘கில் ஸ்க்ரீன்’ என்ற பெயர் நிலைத்தது. இயந்திரம் வைத்த முற்றுப்புள்ளியாகவே எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொள்ளாத ஒரு சிறுவன் தொடக்கத்திலேயே இருந்தான். நிண்டெண்டோ 1990இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரில் போட்டி நடத்தியது. 6 நிமிடம் 21 விநாடிக்குள் சூப்பர் மாரியோ பிரதர்ஸ், ராட் ரேசர், டெட்ரிஸ் மூன்றையும் ஆட வேண்டும். டெட்ரிஸ் புள்ளிகள் 25ஆல் பெருக்கப்பட்டதால், முதல் இரண்டையும் விரைவாக முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுவதையும் கட்டைகளில் செலவிட்டவர்களே முன்னேறினார்கள். 12 முதல் 17 வயது வரையிலான பிரிவில் வென்ற டெக்சஸ் சிறுவன் தோர் ஆக்கர்லுண்ட், பட்டனைப் பிடித்துக்கொள்ளாமல் கட்டைவிரலை அதிரவைத்து ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே அழுத்தினான். இந்த முறை பின்னர் ஹைப்பர்டேப்பிங் எனப்பட்டது. 30ஆம் நிலையை முதலில் எட்டியவர் என்ற பெயரும் அவருக்கே. நிலைகளின் எண்ணைக் காட்டும் பட்டியலையும் நிரலாளர்கள் 29உடன் நிறுத்தியிருந்ததால், 30ஆம் நிலையில் திரை ‘00’ என்று காட்டியது. அங்கே யாரும் வருவார்கள் என்று அவர்கள் நினைக்கவேயில்லை.

மற்றவர்களுக்கு இலக்கு வேறாக இருந்தது. புள்ளிப் பலகையில் ஆறு இலக்கங்களே உண்டு. 999,999 வந்ததும் அது நின்றுவிடும். 18ஆம் நிலையில் தொடங்கி 230 வரிசைகளையும் டெட்ரிஸாகவே அழித்தால்கூட 14 லட்சத்து 70 ஆயிரத்தைச் சுற்றியே புள்ளிகள் வரும். எனவே கில் ஸ்க்ரீனுக்கு முன் பலகையை நிரப்ப வேண்டுமானால், அழிக்கும் வரிசைகளில் மூன்றில் இரண்டு பங்கு டெட்ரிஸாக இருக்க வேண்டும், வறட்சியையும் தாண்ட வேண்டும். இதைச் செய்து, சரிபார்க்கப்பட்ட முதல் சாதனையாக 2009இல் பதிவுசெய்தவர் ஹாரி ஹாங். விளையாட்டு வெளிவந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு, 2010இல், லாஸ் ஏஞ்சலஸில் கிளாசிக் டெட்ரிஸ் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. பழைய என்.இ.எஸ். கருவிகள், பழைய குழாய்த் தொலைக்காட்சிகள், அருகருகே இரண்டு ஆட்டக்காரர்கள். பின்னர் போர்ட்லாண்ட் நகரின் பழைய விளையாட்டுக் கண்காட்சிக்கு அது இடம் மாறியது. முதல் பட்டத்தை ஹாங்கைத் தோற்கடித்து வென்ற ஜோனஸ் நியூபவர், 2017 வரை நடந்த எட்டுப் போட்டிகளில் ஏழில் சாம்பியன் ஆனார். விட்டுப்போன 2014ஆம் ஆண்டுப் பட்டம் ஹாங்குக்குச் சென்றது. நியூபவரின் ஆட்டம் டாஸ் வழியின் உச்சம். அடுக்கைச் சீராக வைத்திருப்பதிலும், எப்போது துணிவது, எப்போது ஒதுங்குவது என்ற கணிப்பிலும் அவருக்கு நிகர் அன்று இல்லை. தோற்றவர்களிடமும் புதியவர்களிடமும் அவர் காட்டிய அன்பு இந்தச் சிறிய உலகத்தின் குணத்தையே அமைத்தது. 2021 ஜனவரியில், 39 வயதில், அவர் திடீரென இறந்தார்.

அவரது ஆதிக்கம் முடிந்தது 2018 இறுதிப் போட்டியில். எதிரே அமர்ந்தவர் ஜோசப் சேலி, வயது 16. கார்ட்ரிட்ஜ் கடைக்கு வந்தபோது அவர் பிறக்கவேயில்லை. ஹைப்பர்டேப்பிங்கில் விநாடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் அழுத்தக்கூடிய அவர், மூன்றுக்குப் பூஜ்ஜியம் என்று வென்றார். அடுத்த ஆண்டும் பட்டம் அவருக்கே. 2018 இறுதிப் போட்டியின் காணொளியைப் பார்த்துச் சிறுவர்கள் கூட்டமாக இந்தப் பழைய விளையாட்டுக்குள் வந்தார்கள். பெருந்தொற்றால் 2020இல் இணையவழி நடந்த போட்டியில் 13 வயது மைக்கேல் அர்டியாகா தன் அண்ணன் ஆண்ட்ரூவை இறுதிச் சுற்றில் தோற்கடித்துச் சாம்பியன் ஆனார். மறு ஆண்டும் அவரே வென்றார்.

ஆனால் ஹைப்பர்டேப்பிங்குக்கும் எல்லை உண்டு. விநாடிக்கு 15 முறை அழுத்தினால் ஐந்து நகர்வுக்கு, முதலாவதற்குப் பின் 16 பிரேம்கள் ஆகும். 29ஆம் நிலையில் அது போதும், அடுக்கு நான்கு வரிசைக்கு மேல் உயராதவரை. அதுவே கைத்தசைக்குக் கடுமையான வேலை. முன்கை இறுகிக் களைத்துவிடும். முப்பதுகளில் உள்ள நிலைகளின் நடுவில் எங்கேனும் ஒரு பிழை நேரும். பிழையைத் திருத்த நேரம் இருக்காது.

2020 இறுதியில் கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் என்ற ஆட்டக்காரர் கேள்வியையே திருப்பிப் போட்டார். விரலைப் பட்டன்மேல் அடிப்பதற்குப் பதில், பட்டனை விரல்மேல் அடித்தால் என்ன? ஒரு கையின் கட்டைவிரலைத் திசைப் பட்டன்மேல் மெல்ல வைத்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகைத் தட்ட வேண்டும். மேசைமேல் சுண்டுவிரலில் தொடங்கி விரல்களை வரிசையாகத் தட்டுவதைப் போன்ற அசைவு அது. ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலர் மேலெழும்பி, பட்டன் கட்டைவிரலில் மோதி அழுந்தும். ஒரே கை வீச்சில் நான்கு, ஐந்து அழுத்தங்கள். பழைய ஆர்கேட் இயந்திரங்களில் ஓட்டப்பந்தய விளையாட்டான ட்ராக் அண்ட் ஃபீல்டை ஆடியவர்கள் கையாண்ட விரல் உத்தியிலிருந்து இந்த எண்ணம் பிறந்தது. ரோலிங் எனப்படும் இந்த முறையில் விநாடிக்கு இருபது அழுத்தங்களைத் தாண்டலாம். இருபது என்று வைத்தால் ஐந்து நகர்வு 12 பிரேமில் முடியும். அடுக்கு ஏழு வரிசை உயர்ந்திருந்தாலும் கட்டை சுவரை எட்டும். கைக்கும் களைப்பு குறைவு.

இப்போது அந்த வேக அட்டவணையின் கடைசி வரி வேறு பொருள் கொண்டது. 29க்குப் பின் வேகம் கூடுவதேயில்லை என்பதால், 29இல் நிலைத்து ஆடத் தெரிந்தவருக்கு 40உம் ஒன்றுதான், 100உம் ஒன்றுதான். ஓரிரு ஆண்டுகளில் எல்லைகள் சரசரவென விழுந்தன. ஆட்டங்கள் முடிவில்லாமல் நீளத் தொடங்கியதால், போட்டி நடத்துபவர்கள் 39ஆம் நிலையில் வேகத்தை இரு மடங்காக்கித் திருத்திய பதிப்பைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. முதல் கில் ஸ்க்ரீன் செய்யத் தவறிய வேலையை இரண்டாவது செய்தது.

மேலே சென்றவர்கள் முன் வேறு வகைத் தடைகள் எழுந்தன. கட்டைகளின் நிறங்கள் பத்து நிலைக்கு ஒருமுறை சுழன்று வருபவை. 138ஆம் நிலையிலிருந்து நிரல் நிறப் பட்டியலுக்கு வெளியே உள்ள நினைவகத்தைப் படித்து, அங்கே கிடைப்பதையெல்லாம் நிறமாகக் காட்டுகிறது. பெரும்பாலானவை வெறும் விசித்திரங்கள். 146ஆம் நிலையும் 148ஆம் நிலையும் மட்டும் உண்மையிலேயே கொடியவை. கறுப்புத் திரையில் கட்டைகள் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருண்டிருக்கும். ஆட்டக்காரர்கள் அவற்றுக்கு அந்தி, கரி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அவற்றுக்கும் அப்பால் இயந்திரமே நின்றுபோகும் இடம் இருந்தது. கிரெக் கேனன் எழுதிய ஸ்டாக்ராபிட் என்ற தானியங்கி நிரல் 2021இல் 237ஆம் நிலைவரை ஆடியபோது விளையாட்டு உறைந்துபோயிற்று. ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. என்.இ.எஸ். செயலி விநாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் இயங்குவது. ஒரு பிரேமுக்குக் கிடைப்பது முப்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. புள்ளிகளைக் கணக்கிடும் பகுதி பெருக்கல் செய்வதில்லை. நிலையின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை முறை திரும்பத் திரும்பக் கூட்டுகிறது. 18ஆம் நிலையில் 19 முறை; 155ஆம் நிலையில் 156 முறை. நிலை ஏற ஏற இந்த வேலை நீண்டு, ஒரு பிரேமுக்குள் முடியாமல் போகிறது. அடுத்த பிரேமுக்கான குறுக்கீடு, நிரல் வேறோர் இடத்துக்குத் தாவவிருக்கும் நொடியில் வந்து விழுந்தால், தாவ வேண்டிய முகவரி கலைந்து எல்லாம் நின்றுவிடும். எந்த நிலையில், எத்தனை வரிசைகளை ஒன்றாக அழித்தால் இது நேரும் என்பதை ஆர்வலர்கள் பட்டியலிட்டார்கள். 155ஆம் நிலையில் ஒற்றை வரிசை அழிப்பதே மிக முந்தைய வாய்ப்பு என்று தெரிந்தது.

2023 டிசம்பர் 21 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் ஊரைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன், 38 நிமிடம் ஆடி 157ஆம் நிலையை எட்டினான். 155இல் கிடைத்த வாய்ப்பு கைநழுவியிருந்தது. 157இல், மொத்தத்தில் 1,511ஆவது வரிசை அழிந்ததும் திரை அப்படியே உறைந்தது. திருத்தப்படாத மூல விளையாட்டை அதன் ஓட்டம் நிற்கும்வரை ஆடிய முதல் மனிதன் அவன்தான். இனி வெல்ல எதுவுமில்லை என்ற பொருளில் செய்தித்தாள்கள் உலகெங்கும் அதை எழுதின. ஆட்டக்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. உறைவு நேரும் இடங்கள் தெரிந்துவிட்டதால், அவற்றைத் தவிர்த்து மேலே போவது அடுத்த வேலை ஆயிற்று. எந்த நிலையில் ஒற்றை வரிசையை அழிக்கக்கூடாது, எங்கே இரண்டோ மூன்றோ பாதுகாப்பு என்று மனப்பாடம் செய்து, விநாடியில் மூன்றில் ஒரு பங்கில் அதற்கேற்ப அடுக்க வேண்டும்.

நிலையின் எண் ஒரு பைட் நினைவகத்தில் உள்ளது. அதன் உச்சம் 255. அடுத்து வருவது 256 அல்ல, மீண்டும் பூஜ்ஜியம். இதை மறுபிறப்பு என்று அழைத்தார்கள். வழியில் 235ஆம் நிலை ஒரு பெருந்தடை. நிலைகளை எண்ணும் முறையில் உள்ள பிழையால், அதைக் கடக்கப் பத்து வரிசை போதாது, 810 வேண்டும். அது முழுவதையும் ஒரே மங்கிய பச்சை நிறத்தில், கடைசி வேகத்தில் ஆட வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று, முன்னாள் சாம்பியன் மைக்கேல் அர்டியாகா, அப்போது 16 வயது, சுமார் 80 நிமிட ஆட்டத்தில் 3,300 வரிசைகளை அழித்து 255ஐத் தாண்டினார். திரை பூஜ்ஜியம் நிலைக்குத் திரும்பியது. கட்டை ஒரு கட்டம் இறங்க மறுபடியும் 48 பிரேம்கள் எடுத்தது. அவர் ஆடியது உறைவு நேராதபடி திருத்திய பதிப்பு. மூலக் கார்ட்ரிட்ஜில் அதே தூரம் போக விரும்புபவர், 155க்கு மேல் உறைவு நேரக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் தாமே தவிர்த்தாக வேண்டும். அதனால் ஆட்டக்காரர்கள் இவ்விரண்டையும் இருவேறு சாதனைகளாகவே கருதுகிறார்கள்.

(தொடரும்)